வடக்கு மூலையில் எட்டு போர்டு

கடல்காற்றில் வளர்ந்தவன் நான். பயந்தாங்கொள்ளி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. ஆனால் அன்று காலை அரபு நாட்டில், முவைலாவில், அந்தக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் நின்று மாதாவுக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டிடம் என் கபீலுடையது. என் விசாவும் பாஸ்போர்ட்டும் அந்த அரபிக் கிழவர் கையில்தான். ஊரில் ஐந்து வயிறு அந்த விசாவை நம்பியிருந்தது. கீழே வரிசையாகக் கடைகள். கூரையில் சூடு தடுக்கும் போர்டு ஒழுங்காகப் பாவியிருக்கிறது, ஏசிக்குக் கரண்ட் வீணாகாது என்று பலதியா என்கிற நகராட்சியின் இன்ஜினியர் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்கும். அது இல்லாமல் ஒரு கடையைக்கூட வாடகைக்கு விட முடியாது. போர்டு பாவிய கூட்டத்துக்கு மேஸ்திரி நான்.

நாங்கள் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கேம்பில் எங்கள் ரூமுக்குத் தகரக் கூரை. ஏசி ஓடினாலும் மண்டை வெந்துவிடும். அதனால் எட்டு போர்டைத் தூக்கிக்கொண்டு போய், அளவுக்கு அறுத்து, தகரத்துக்கு அடியில் கட்டிவிட்டோம். "லேய், மிச்சம் வந்தா குப்பையிலதானே போடுவானுவ, எடுங்கலே" என்று தைரியம் சொன்ன மகராசன் நானேதான். வேலை முடியும்போது வடக்கு மூலையில் சரியாக எட்டு போர்டு குறைந்தது. ஸ்டோரில் கேட்டால் எங்கே போனது என்பார்கள். அந்த இடத்தில் மணலைக் கொட்டி, மேலே டைல் பதித்துவிட்டேன்.

இன்ஜினியர் வந்தார், கபீலும் கூடவே ஏறி வந்தார். "ஒரு டைலைக் கழற்று பாய். எங்கேன்னு நீயே சொல்லு" என்று இன்ஜினியர் ஹிந்தியில் சொன்னார். நடு மாடியைக் காட்டினேன். அவர் சிரித்தார். "அது வேண்டாம்" என்று வடக்குப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

மாதாவே, கைவிட்டிராதேம்மா! விசா கேன்சல், ஜெயில், வெறுங்கையோடு வீட்டு வாசல், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. மணல் கொட்டிய இடத்துக்கு இரண்டு டைல் முன்னால் நின்று காலால் தட்டினார். உளியை வைத்து நெம்பினேன். அடியில் நீல போர்டு தெரிந்தது. "கலாஸ்", முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார். கபீல் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். செத்துப் பிழைத்தேன்.

வடக்கு மூலைக் கடையை எங்கள் ஊர்ப்பக்கத்துத் தையல்காரர் ஒருவர் எடுத்தார். கோடை வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, பக்கத்துக் கடையெல்லாம் குளுகுளுன்னு கெடக்கு. எங்கடை மட்டும் ஏன் இப்பிடி வேகுது? சர்டிபிகேட் உள்ள கட்டிடம்னுதானே தந்தாவ?"

"ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்றேன். கழற்றிக் கழுவினேன். அடுத்த வாரமும் கழுவினேன். கூரையைப் பற்றி வாய் திறந்தால் கபீல் காதுக்குப் போய்விடுமே என்ற பயம். தையல்காரரோ ஒவ்வொரு தடவையும் டீ வாங்கித் தந்து, "நீங்க ஒருத்தர் இருக்கதுதான்ணே எனக்குத் தைரியம்" என்பார்.

ஆகஸ்டில் ஒரு மதியம் தையல் மெஷின்மேலேயே மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண் விழித்தவர் என் கையைப் பிடித்தார்.

"அந்த ஃபில்டர இன்னொருக்கா பாத்துருங்கண்ணே."

"பாக்கேன்" என்றேன்.