நங்கையா பார்க்க நினைத்த தண்ணீர்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் அனுப்பிய ஆள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, நான் எருத்தேன்பதித் தோட்டத்தில் கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். நங்கையா இறந்துவிட்டார் என்றார். மடை மாற்றக் கை வரவில்லை. பாத்தி நிறைந்து வழிவதைப் பார்த்தபடி நின்றேன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவர் கல்லூரியில் பாடம் எடுத்தவர். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் அவருடைய ஆராய்ச்சிக்குத் தண்ணீர் திறந்துவிடுவது நான்தான்.

தோட்டத்து வீட்டில் மேல்தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் வரும். அதன் பின்பாதி மட்டும் சின்ன மோட்டாரில் நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றும். மெதுவாகத் தண்ணீர் விட்டு அதில் மை விட்டால், கலையாமல் நூல் பிடித்ததுபோல் நேராகப் போகும். சுற்றும் பாதிக்குள் நுழைகிற இடத்தில், குழாயின் உட்சுவரை ஒட்டிய தண்ணீர் அதை விட்டுப் பிரிந்து கொஞ்சம் பின்னால் திரும்ப வேண்டும் என்று நங்கையா கணக்குப் போட்டிருந்தார். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

கரண்ட்தான் விடவில்லை. சுற்றிலும் பம்புசெட் ஓடினால் எங்கள் மோட்டார் திணறும், மை கலங்கிவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி நானும் அவரும் தோட்டம் தோட்டமாகப் போவோம். பக்கத்துத் தோட்டத்து மாமா சும்மா விடமாட்டார்.

"ஏனம்மிணி, உங்க தண்ணி நேராப் போகோணும்னு எங்க தண்ணி நிக்கோணுமா?"

"நேராப் போறதைப் பாத்தாச்சுங்க மாமா. திரும்பி வாரதைத்தான் பாக்கோணும்," என்பார் நங்கையா.

"அதுக்கு எங்கூட்டு எருமையப் பாருங்க. தெனமும் பாதி வழியில திரும்பி வருது," என்று சொல்லிக்கொண்டே போய் நிறுத்துவார். அதற்குள் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் யாராவது பம்புசெட்டைப் போட்டுவிடுவார்கள்.

இந்தக் கோடையில் நோய் முற்றி நங்கையாவுக்குப் பார்வையும் மங்கியது. கிணறுகளும் வற்றின. கடலை காய்கிறது, யாரிடமும் போய்க் கேட்காதே என்று சொல்லிவிட்டார். மாமாவே எல்லாரிடமும் பேசி நிறுத்த வைத்தார். நங்கையாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து குழாயருகே உட்கார வைத்தோம். மோட்டார் சீராக ஓடியது. அந்த இடத்தில், சுவரோரம், மை வளையமாக நின்று பின்னால் வந்தது.

"வருதுங்க நங்கையா."

குழாயில் முகம் ஒட்டுமளவு குனிந்தார். அவருக்குத் தெரியவில்லை.

"எனக்காகச் சொல்றியா அம்மிணி, இருக்கறதைச் சொல்றியா?"

உடம்பு தேறிவிடும் என்று நாங்கள் எல்லாரும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சத்தியம் செய்தேன். தலையை ஆட்டினார். நம்பித்தான் ஆட்டினாரோ, என் மனம் நோகக் கூடாது என்றோ. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மை தீரும்வரை அது திரும்பித் திரும்பி வந்தது.

நங்கையா, தேறிவிடுவீர்கள் என்று சொன்னது பொய். மை திரும்பி வந்தது பொய்யில்லை. போய் வாருங்கள்.