வினைச்சொல் இல்லாத சூப்பர்வைசர்

கப்பலூர் தொழிற்பேட்டையில், ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில், ரப்பரைச் சூடாக்கி அழுத்தும் நான்காம் நம்பர் பிரஸ்ஸைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர் எழுமலை மொக்கைச்சாமி. ஆங்கில இலக்கணம் அவரை இன்னும் கண்டுகொள்ளவில்லை. நஷ்டம் இலக்கணத்துக்குத்தான். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு இருந்த வருத்தம் ஒன்றே ஒன்று: உட்கார ஒரு நாற்காலி இல்லை.

பிரஸ் கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. நீல பிளாஸ்டிக். ஒரு கை உடைந்து கம்பியால் கட்டப்பட்டது. அது சூப்பர்வைசருடையது. மற்ற பதினான்கு பேரும் நூற்றெழுபது டிகிரி சூட்டில் கொதிக்கும் இரும்புத் தட்டுகளுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மொக்கைச்சாமிக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய வலது முழங்கால் இரண்டு வருடமாகத் தனிக்கட்சி நடத்திவந்தது. அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த மூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, ஏசி அறை நாற்காலிகளுக்குப் போயாகிவிட்டது.

நான்காவது முறையாக அது காலியானபோது மேனேஜர் விஸ்வநாத் நோட்டீஸ் ஒட்டினார். 'வெளிநாட்டுப் பார்வையாளருக்கு இயந்திர வேலையை ஆங்கிலத்தில் தெளிவாக விளக்கக் கூடியவரே சூப்பர்வைசராக நியமிக்கப்படுவார்.' சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வேலை முறையைச் சோதிக்க ஓர் ஆடிட்டர் நாற்பது நாளில் வருவதாக இருந்தது. டிப்ளமோ படித்த குருபிரசாத்தை மனதில் வைத்தே அது எழுதப்பட்டது என்பதை வாசலில் டீ விற்பவர் வரை அறிவார்கள்.

"மாப்ள, இது நோட்டீஸ் இல்ல. உனக்குன்னே அடிச்ச பூட்டு," என்றார் மூன்றாம் நம்பர் பிரஸ் ஷாநவாஸ்.

"எனக்கும் இங்கிலீஷ் தெரியும்டா."

"எம்புட்டு?"

"மிஷினுக்கு வேணுங்கற அம்புட்டு."

இது வீண் பெருமை அல்ல. ஆங்கிலேயர்கள் தங்கள் வினைச்சொற்களைத் தனியாக வெளியே அனுப்புவதில்லை. பின்னால் ஒரு வாலைக் கட்டித்தான் அனுப்புவார்கள். அந்தச் சோடியைக் கையில் வாங்கிய நம் ஜனங்கள் நிதானமாக யோசித்து, வினைச்சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விளக்கை ஆன் பண்ணுகிறோம், மோட்டாரை ஆஃப் பண்ணுகிறோம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைத் திருப்புகிறவருக்கு 'பேக் வா, பேக் வா' என்பதே போதும். அந்த இடத்தில் ஆங்கிலேயர் எந்த வினைச்சொல்லைப் போடுவார் என்று இன்றுவரை ஒரு டிரைவரும் கேட்டதில்லை, ஒரு பஸ்ஸும் அதற்காக நின்றதில்லை. மொக்கைச்சாமியிடம் இப்படி ஏழு வால்கள் இருந்தன: ஆன், ஆஃப், இன், அவுட், அப், டவுன், பேக். மீதி வேலையைக் கைகள் பார்த்துக்கொண்டன.

கம்பெனி அதைப் போதுமென்று கருதவில்லை. மதுரையிலிருந்து சுபலட்சுமி என்ற பயிற்சியாளர் வாரம் மூன்று நாள், முதல் ஷிப்ட் முடிந்ததும் வந்து, கேன்டீனில் வெள்ளைப் பலகை வைத்து வகுப்பெடுத்தார். முதல் நாளே 'புட்' என்ற வினைச்சொல்லை நடுவில் எழுதி, சுற்றிலும் வால்களை நட்டார். 'புட் ஆன்' என்றால் சட்டையைப் போட்டுக்கொள்வது. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. 'புட் அவுட்' நெருப்பை அணைப்பது. 'புட் அப் வித்' சகித்துக்கொள்வது.

மொக்கைச்சாமி கை தூக்கினார்.

"மேடம், இதுல இந்த 'புட்டு' என்ன வேலை பாத்துச்சு?"

"அதுதான்ணே வினைச்சொல்லு."

"பேரு சரி. வேலை? போட்டதும் வாலு, தள்ளுனதும் வாலு, அணைச்சதும் வாலு. இவரு நாலு எடத்துலயும் சும்மா நிக்காரு."

"நிக்கல மாப்ள, உக்காந்திருக்காரு. அவருதான் சூப்பர்வைசரு," என்று பின்னாலிருந்து ஷாநவாஸ் சொன்னார். கேன்டீன் சிரித்து முடிக்க நேரமாயிற்று. சுபலட்சுமியும் சிரித்தார். ஆனால் பலகையை அழிக்கவில்லை.

கேலி பண்ணினாரே தவிர மொக்கைச்சாமி வகுப்பை விடவில்லை. எழுமலையிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கெட், டேக், புட், டர்ன் என்று உதடசைத்தார். வீட்டில் மனைவி பாண்டிமீனா சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்து பார்த்தார்.

"என்ன மந்திரம் ஓதுறீக?"

"மந்திரம் இல்ல, வினைச்சொல்லு."

"எதுக்கு?"

"உக்காரத்தான்."

"உக்காந்துதான இருக்கீக. சாப்பிடுங்க."

இவ்வளவு கற்றும் அவர் மாற்றிக்கொள்ளாத பழக்கம் ஒன்று இருந்தது. பிரஸ்ஸின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ரப்பர் ஒட்டிக்கொண்டால் சுரண்டியோடு கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன், அவருடைய பங்காளி சோலை அப்படிக் கை விட்டிருந்தபோது, மறுபக்கம் நின்ற ஒருவர் வேலை முடிந்தது என்று நினைத்து பிரஸ்ஸை ஆன் செய்துவிட்டார். சாவி அதன் இடத்திலேயே இருந்தது. சோலையின் இடதுகையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. இப்போது சோலை வாசலில் வாட்ச்மேன். வருகிறவர்களிடம் வருகைப் பதிவேட்டை நீட்டுவது அந்த மூன்று விரல் கைதான்.

அன்றிலிருந்து மொக்கைச்சாமி பிரஸ்ஸுக்குள் கை விடுமுன் சாவியை உருவி அரைஞாண்கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். சட்டைப்பை கூடாது, குனிந்தால் விழும். பக்கத்து மேசையும் கூடாது, யாராவது எடுப்பார்கள். கை வெளியே வந்ததும் பத்து விரலையும் விரித்து ஒருமுறை பார்ப்பார். பிறகே முடிச்சை அவிழ்ப்பார். மற்றவர்களும் மெல்ல மெல்ல அப்படியே செய்யத் தொடங்கினார்கள். எந்தப் பலகையிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. விஸ்வநாத்துக்கு அதைப் பற்றித் தெரிந்திருந்தால், நாகரிகம் கருதித் தடுத்திருப்பார்.

ஆடிட்டர் வந்தார். நரைத்த தலை, தடித்த பூட்ஸ், சிரிப்பைச் செலவழிக்காத முகம் கொண்ட ஓர் அம்மையார். சுபலட்சுமி ஓரமாக நின்று பார்க்க, முதலில் ஒன்றாம் நம்பர் பிரஸ் அருகே குருபிரசாத் விளக்கினார். வினைச்சொற்கள் வால்களோடு வரிசை கலையாமல் வந்தன. விஸ்வநாத்தின் முகம் மலர்ந்தது. அந்த அம்மையார் தலையசைத்துக்கொண்டே நடந்து வந்து, யாரும் எதிர்பாராமல் நான்காம் நம்பர் முன் நின்றார். தட்டுகளைக் காட்டி மொக்கைச்சாமியிடம் கேட்டார்: இங்கே ரப்பர் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கேள்வி புரிந்தது. பதிலும் தயாராக இருந்தது. நாற்பது நாள் சொல்லிப் பார்த்த வாக்கியம். ஆனால் வாயைத் திறந்ததும் கெட், டேக், புட், டர்ன் நான்கும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தன. கடைசி பஸ்ஸுக்கு முண்டுகிற கூட்டம்போல வாசலில் சிக்கி, ஒன்றும் உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை. பிரஸ் கூடமே அவர் வாயைப் பார்த்தது. அவருக்குத் தெரிந்தது அந்த நீல நாற்காலி மட்டும்தான்.

விஸ்வநாத் முன்னால் வந்து பதில் சொல்லப் போனார். அந்த அம்மையார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

மொக்கைச்சாமி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார். பிறகு பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

"ஆஃப்," என்றார். பிரஸ் அடங்கியது. சாவியை உருவினார். "கீ அவுட்."

அடுத்து அவர் செய்ததற்கு எந்த வகுப்பிலும் இடமில்லை. பேண்டுக்குள் செருகியிருந்த கம்பெனிச் சட்டையை வெளியே இழுத்து, வயிறு தெரியத் தூக்கி, அரைஞாண்கயிற்றில் சாவியை முடிச்சுப் போட்டார். விஸ்வநாத் கண்களை மூடிக்கொண்டார்.

"ஹேண்ட் இன்." சுரண்டினார். "ஹேண்ட் அவுட்." பத்து விரலையும் அந்த அம்மையாரின் முகத்துக்கு நேரே விரித்தார். "ஓகே. கீ பேக். ஆன்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சாவித் துவாரத்தைத் தொட்டுக் காட்டி, "கீ நோ அவுட்..." என்று இழுத்து, இடதுகையைத் தூக்கி, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மெதுவாக மடக்கினார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார்.

காலையில் அந்த மூன்று விரல் கை நீட்டிய பதிவேட்டில்தான் அந்த அம்மையார் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரும் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து நிறைய எழுதினார்.

மாலையில் ஷாநவாஸ், "ஏன் மாப்ள, அம்புட்டுப் பேருக்கு முன்னால தொப்புளக் காட்டிட்டியேடா?" என்றார்.

"போச்சுடா," என்று மட்டும் சொல்லிவிட்டு மொக்கைச்சாமி பஸ் ஏறினார். அன்று ஜன்னலோர இருக்கை கிடைத்தும் உதடு அசையவில்லை.

பதினாறாம் நாள் அறிக்கை வந்தது. ஒன்பது பக்கம். எட்டு பக்கம் குறைகள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பாராட்டு: நான்காம் நம்பர் பிரஸ்காரர் தம் வேலையை ஆங்கிலத்தில் மிகத் தெளிவாக விளக்கினார், சாவியை இயக்குபவரே தம் உடம்பில் வைத்துக்கொள்ளும் முறையை எல்லா இயந்திரங்களிலும் கட்டாயமாக்க வேண்டும்.

விஸ்வநாத் அந்த வரியை மூன்று முறை படித்தார். சுபலட்சுமியை அழைத்துக் கேட்டார்.

"மேடம், அந்த ஆளு ஒரு வினைச்சொல்லாவது சொன்னாரா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அப்புறம் எப்படி ஆங்கிலத்துல தெளிவாங்கறாங்க?"

"அவங்களுக்குத் தெளிவா இருந்திருக்கு சார். அது அவங்க பாஷை."

நோட்டீஸ் இன்னும் சுவரில் இருந்தது. ஒட்டியவர் அவர். கையெழுத்தும் அவருடையது. தாம் எழுதிய வாக்கியத்தில் தாமே மாட்டிக்கொண்ட ஒரு மேனேஜர் செய்யக்கூடிய கண்ணியமான காரியம் ஒன்றுதான் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அதைச் செய்தார்: நீல நாற்காலி மொக்கைச்சாமிக்கு வந்தது. எல்லாருக்கும் இடுப்பில் மாட்ட சிவப்புக் கொக்கி வாங்கினார்கள். மொக்கைச்சாமி தம் முடிச்சை அவிழ்த்து நான்காம் நம்பர் சாவியை அதை அடுத்து ஓட்ட வந்தவரிடம் கொடுத்துவிட்டார். இடுப்பில் அவ்விடத்தை மட்டும் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் காலை மூன்றாம் நம்பரில் ரப்பர் ஒட்டிக்கொண்டது. ஷாநவாஸ் நிறுத்தினார், சாவியைக் கொக்கியில் மாட்டினார், கையை உள்ளே விட்டார். நாற்காலி இரண்டடி தூரத்தில் இருந்தது. மொக்கைச்சாமி உட்காரவில்லை. கை வெளியே வரும்வரை முழங்கால் கெஞ்சியும் நின்றார்.

"காட்டுடா."

"பத்தும் இருக்கு சூப்பர்வைசர் சார். கால் விரலையும் எண்ணிக் காட்டவா?"

பிறகுதான் ஷிப்ட் அறிக்கையைத் திறந்தார். அது ஆங்கிலத்தில் எழுத வேண்டியது. அவர் எழுதிய முதல் வரி: '8.10 ஆஃப். கீ அவுட். ஷாநவாஸ் இன். 8.20 ஷாநவாஸ் அவுட். ஃபிங்கர் 10. ஆன்.'

கம்ப்யூட்டரில் ஏற்ற வந்த குருபிரசாத் தாளைப் பார்த்துத் தயங்கினார்.

"அண்ணே, கொஞ்சம் வினைச்சொல் சேத்து அடிக்கட்டுமா?"

"சேத்துக்கங்க தம்பி, எம்புட்டு வேணும்னாலும். அந்தப் பத்து விரல மட்டும் எடுத்துறாதீக."

சொல்லிவிட்டு, நாற்காலியின் கம்பி கட்டிய கையை ஒருமுறை அழுத்திப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தார்.