அடுப்பக்காவுக்கு எட்டாத வாசனை

அந்த வட்டாரத்தில் கேஸ் அடுப்பு பொருத்தும் ஒரே பெண் அவர்தான். அதனால் எல்லோருக்கும் அடுப்பக்கா ஆகிவிட்டார். "அக்கா வாசல்ல நின்னாலே போதும், எங்க கசியுதுன்னு சொல்லிடும்" என்று கடை முதலாளி பெருமையடித்துக்கொள்வார். அது ஒரு காலத்தில் உண்மைதான்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அந்த மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. உடம்பு தேறிய பிறகு ஒரு காலையில், பால் பொங்கி வற்றிப் பாத்திரம் கரியாகும்வரை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கணவர்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வாசனை தெரியாதவரை யார் அடுப்பு மாட்டக் கூப்பிடுவார்கள்? அதனால் கணவனும் மனைவியும் இதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

வேலையில் மட்டும் அவர் எதையும் விடவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். அழுத்தமானியின் முள் அசைகிறதா என்று கண் வலிக்கப் பார்த்தார். அப்படியும் வீட்டுக்கு வீடு பயம் கூடவே வந்தது.

நாத்தனார் புதுவீட்டுக்குக் குடிவந்த வாரம், அங்கே அடுப்பு மாட்டப் போனார். சிலிண்டர் பால்கனியில். அங்கிருந்து செம்புக்குழாய் சுவரைத் துளைத்து, மேடைக்குக் கீழிருந்த அலமாரி வழியாக அடுப்புக்கு வந்தது. இணைத்து முடித்து, சிலிண்டரைத் திறந்து, மூடி, முள்ளைப் பார்த்தார். மெல்ல இறங்கியது; எங்கோ கசிகிறது.

தான் முடுக்கிய இணைப்பில்தான் கோளாறு என்று நினைத்தார். மறுபடி சிலிண்டரைத் திறந்துவைத்து, மண்டியிட்டு, ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட இல்லை. இன்னொரு முறை தடவிக்கொண்டிருந்தபோது நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, இப்படி நாறுது? டெஸ்ட் பண்ணா இப்படித்தான் இருக்குமா? கொஞ்ச நேரமாவே வருது. நீங்கதான் உள்ள இருக்கீங்களேன்னு பேசாம இருந்தேன். ஃபேனைப் போடட்டுமா?"

அவள் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

"கைய எடு." குரல் தன்னுடையதாகவே தோன்றவில்லை அக்காவுக்கு. "எதையும் தொடாத. புள்ளையத் தூக்கிட்டு கீழ போ. பெல்லு, லைட்டு, போனு எதுவும் வேண்டாம். போ."

நாத்தனார் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். அந்த முகத்தைப் பார்த்ததே போதுமாயிருந்தது.

பால்கனிக்குப் போகும் வழியில் ஃபிரிட்ஜ் இருந்தது. அது சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. எந்த நொடியும் தானாக ஓட ஆரம்பிக்கலாம். பிளக்கைப் பிடுங்கினாலும் பொறி பறக்கலாம். தூங்கும் நாயைத் தாண்டுவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினார். சிலிண்டரை மூடினார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கினார்.

கீழே குழந்தை, தூக்கம் கலைந்த கோபத்தில் அழுதுகொண்டிருந்தது.

"உங்களுக்கு வாசனை வரலையா அண்ணி?"

"வரல. காய்ச்சலுக்கப்புறம் எதுவுமே வர்றதில்ல."

நாத்தனார் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றாள். கேஸ் கலையட்டும் என்று இருவரும் வெகுநேரம் கீழேயே நின்றார்கள். காற்று நன்றாகவே வீசியது. பிறகு மேலே, திறந்திருந்த ஜன்னல் வழியாக, டக்கென்று ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. பற்றிக்கொள்ளும் அளவுக்கு வீட்டுக்குள் கேஸ் மிச்சமில்லை.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, "நான் மோந்து பார்க்கிறேன், நீங்க கைவேலையப் பாருங்க" என்று நாத்தனாரே முன்னால் ஏறினாள். மேடைக்குக் கீழிருந்த அலமாரிக்குள் தலையை விட்டவள் உடனே பின்வாங்கினாள். "இங்கதான்." கரண்டி மாட்ட அவள் கணவர் முந்தாநாள் உள்ளே ஒரு பலகை அடித்திருந்தார். அதன் திருகாணி பின்னாலிருந்த குழாயைக் கிழித்திருந்தது. மனுஷன் சுவரைக் கணக்குப் போட்டாரே தவிர, குழாயை மறந்துபோனார்.

கிழிந்த துண்டை வெட்டிவிட்டுப் புதுக்குழாய் சேர்த்தார் அக்கா. முள் இம்முறை ஆடாமல் நின்றது. நாத்தனார் அலமாரி முழுக்க முகர்ந்து "இல்ல" என்றாள். அதற்குப் பிறகும் அடுப்பைப் பற்றவைக்க அக்காவுக்குக் கை வரவில்லை. நாத்தனார்தான் பற்றவைத்தாள். நீலமாக, சீராக எரிந்தது.

மறுநாள் அக்கா முதலாளியிடம் உள்ளதைச் சொன்னார். அதைக் கேட்ட முதலாளி, கேஸ் பட்டால் கத்தும் கருவி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பையை இறக்கும் முன்பே, "எனக்கு வாசனை தெரியாது. லேசா வந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுகிறார். சிலர் வேறு ஆளை அனுப்பச் சொல்கிறார்கள். மற்றவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

பயம் மட்டும் போகவில்லை. வேலை முடிந்து இறங்கியதும், தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறார்.