திருப்பத் தெரியாத சைக்கிள்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன ரயில் நின்றுபோய், தண்டவாளத்தையும் பிடுங்கிய பிறகு, அந்த மேடுதான் எங்களுக்கு சைக்கிள் பாதை. கல்யாணமான புதிதில், நாத்தனார் கேரியரைப் பிடித்துக்கொள்ள, அங்கேதான் ஓட்டப் பழகினேன். பாதை ஒரே நேர். அதனால் எனக்கு வளைக்கத் தெரியாது என்பதே தெரியவில்லை.

"டவுனுக்கு நானே போயிட்டு வரேன்" என்று வீட்டுக்காரரிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மேடு முடிந்த இடத்தில் ரோடு வளைந்தது. நான் வளையவில்லை. நேரே ஒரு டீக்கடைக்குள் புகுந்து, வடைத் தட்டோடு விழுந்தேன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அடி பட்டுச்சாம்மா?" என்றார்.

"இல்லண்ணே. திருப்பத் தெரியல, தனியா ஏறவும் தெரியல. வூட்டுல சொல்லிடாதீங்க."

அவர் சைக்கிளை ஊர்ப் பக்கம் திருப்பி, கேரியரைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றார்.

அப்புறம் போகும்போதெல்லாம் கடை வாசலில் இறங்கிவிடுவேன்; அவர் சைக்கிளைத் திருப்பிப் பிடித்து ஏற்றிவிடுவார். டவுனுக்குப் போய்வரும் மருமகள் என்று எனக்கு ஊரில் பேர். நான் டீக்கடையைத் தாண்டியதே இல்லை.

ஒருநாள் கடை வாசலிலேயே அரைவட்டம் அடித்துத் திரும்பிவிட்டேன். வழக்கம்போல் பிடிக்க ஓடி வந்தவர், நீட்டிய கையோடு நின்றார்.

"அப்ப இனிமே இறங்க மாட்டீங்க" என்றார்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. இறங்கி, "புடிங்கண்ணே, ஏறணும்" என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.