என் மூக்குக்கு எட்டாத பெட்ரோல் வாசனை

எண்பதுகளின் நடுவில் செஞ்சியில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பாண்டிச்சேரியில் ஒரு பங்களாக் கொட்டகையில் கிடந்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததும் ஆசை விடவில்லை. வாங்கி லாரியில் ஏற்றி வந்துவிட்டேன். மனைவி காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோல் போகிற வழிதான் முழுக்கக் கெட்டிருந்தது. டேங்குக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தேன். எதிர்வீட்டுத் தகரவேலை பாய் அதை உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி போக நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தார். கார்புரேட்டரைப் பிரித்துச் சமையல் மேடையில் பரப்பியபோது மட்டும் மனைவி என்னைக் கொல்லைப்புறம் அனுப்பினாள். எட்டு மாதம் பெட்ரோலிலேயே ஊறினேன். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் செஞ்சியில் கிடைக்காததால், தண்ணீருக்குப் போடும் பிளாஸ்டிக் டியூபை மாட்டிவிட்டேன்.

மனைவிக்கு வளைகாப்பு முடிந்தது. பாண்டிச்சேரி தாய்வீட்டுக்கு அந்தக் காரில்தான் கூட்டிப்போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. கார் உறுமியது. நான் கையசைத்த நேரத்தில் அவள், "பெட்ரோல் நாத்தம் வருது. நான் எறங்குறேன்" என்றாள்.

எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. என் சட்டை நாற்றமாக இருக்கும் என்றேன். அவள் இறங்கியே விட்டாள். அத்தனை பேர் முன்னால் எனக்குக் கோபமான கோபம்.

"உங்க மூக்கு செத்துப்போச்சுங்க. பாய், நீங்க கொஞ்சம் பாருங்க" என்றாள்.

பாய் கிட்டே வந்தவுடனே, "சார், மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்றார்.

பானெட்டைத் தூக்கினோம். டியூப் பெட்ரோலில் ஊறித் தொளதொளத்துப் பாதி கழன்றிருந்தது. சூடான புகைக்குழாய்க்கு நாலு விரல் தள்ளிப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் போனோம். திண்டிவனம் தாண்டியதும் அவளே, அந்தக் குழாய் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று கேட்டாள். சுண்டுவிரலைக் காட்டினேன்.

குழந்தையோடு திரும்பி வந்தவள் பையிலிருந்து முதலில் எடுத்தது, பெட்ரோலுக்கான ரப்பர் குழாய். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கடை கடையாகத் தேடினாளாம். அந்த வாரமே இரண்டு பேர் காரில் மூன்று பேராகக் கோட்டை வரை போய்வந்தோம்.

ஆசைப்பட்ட வேலையில் மூழ்கிவிட்டால் பக்கத்திலிருக்கும் ஆபத்துகூட எனக்குத் தெரியாது என்று பானெட்டைத் தூக்கிய அன்று புரிந்தது. இன்றும் எதைச் செய்து முடித்தாலும், அவள் ஒருமுறை வந்து பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.