மூன்று பெயர்கள் இருந்த தாள்

என் இரும்புப் பெட்டியின் அடியில், பென்ஷன் காகிதங்களுக்கும் கீழே, நான்காக மடித்த தாள் ஒன்று கிடக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போய்விட்டது. ஐம்பதுகளில் திருவள்ளூர் கிளப் ஒன்றில் நடந்த டென்னிஸ் பந்தயத்தின் மகளிர் ஒற்றையர் டிரா அது. யாருக்கு எதிராக யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எழுதி, வாசலில் ஒட்டுவார்களே, அந்தத் தாள். ஆண்களின் தாளில் பெயர் எழுத இடம் போதவில்லை. எங்கள் தாளில் இருந்தவை மூன்றே பெயர்கள்: ஓர் என்ஜினீயரின் மனைவி, ஊரின் லேடி டாக்டர், பள்ளிக்கூட வாத்தியாரம்மாவான நான்.

டாக்டரம்மா தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு அவர்மேல் அபார மரியாதை. அந்த மரியாதைதான் அவரைத் தனியாக உட்காரவைத்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், காபியை நீட்டுவார்கள், பிறகு குடும்பமே சுவரோரம் போய் நின்றுகொள்ளும். எதிரே உட்கார்ந்து, "நீங்க சொல்றது தப்பு டாக்டர்" என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. படிக்கிற காலத்தில் டென்னிஸ் ஆடியவர். இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் மட்டையை உறையிலிருந்து எடுக்கவே இல்லை என்று என்னிடம் சொன்னார்.

குழந்தைகளின் உடம்பைப் பரிசோதிக்க எங்கள் பள்ளிக்கு வந்தவர், நான் பெரிய வகுப்புப் பெண்களோடு பூப்பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டார். வந்த வேலையை மறந்து வேலியோரம் நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்கள் வருவதற்கு முன், கிளப் மைதானத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர்தான் கதவைத் திறந்துவிடுவார். பூப்பந்தில் பழகிய கை என்பதால் என் அடிகள் பாதி வேலிக்கு வெளியே போயின. ஒருமுறை எப்படியோ நான் அடித்த பந்து அவர் மட்டைக்கு எட்டாமல் ஓரக்கோட்டில் விழுந்து ஓடியது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதெல்லாம் சும்மா கை வீசறது. பாயின்ட் எண்ணி ஆடினாத்தான் ஆட்டம். டிரா போடட்டும், அன்னிக்குப் பார்க்கறேன் உன்னை" என்றார். செயலாளரை நச்சரித்து மகளிர் ஒற்றையரைச் சேர்க்கவைத்தவரும் அவரே.

வெள்ளி டம்ளரில் சீட்டுகளைப் போட்டு எடுத்தார்கள். மூன்று பேர் என்பதால் ஒருத்திக்கு முதல் சுற்றில் எதிராளி இல்லை. அதை 'பை' என்பார்கள். அது எனக்கு விழுந்தது; எனக்கு நேரே ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம்தான். சனிக்கிழமை டாக்டரம்மாவோடு ஆட வேண்டிய என்ஜினீயர் மனைவி பட்டுப்புடவையில் வந்து கைகூப்பினார். "உங்க முன்னாடி நான் நிக்கறதாவது டாக்டரம்மா!" என்று சொல்லிவிட்டு லட்டு சாப்பிடப் போய்விட்டார். கிளப்பில் எல்லோரும் அதைப் பண்பு என்றே பாராட்டினார்கள். டாக்டரம்மா என் பக்கம் வந்தார். "நாளைக்கு நீயாவது வந்துடும்மா" என்றார். வருகிறேன் என்றேன்.

ஞாயிறு மதியம் மட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றாள். "உங்கக்காளும் கொயந்தையும் பொழச்சதே அவங்க கையாலதான். அவங்களுக்கு எதிர்ல நின்னுக்கினு அடிக்கப் போறியா? நல்லாவா கீது? ஒரு எலுமிச்சம்பயத்தக் குடுத்து வுட்டுக்குடுத்துட்டு வா." அம்மாவைக் குறை சொல்லி என்ன? எனக்கும் அது சரியென்றே பட்டது. ஜெயித்துவிடுவேன் என்று ஒரு நினைப்பு வேறு! மட்டையை வைத்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றிருந்தார். நான் கிட்டே போய் எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். "ஆட்டம் உங்களுக்குத்தான் டாக்டரம்மா. விட்டுக்கொடுத்துட்டேன்." சுற்றிலும் கைதட்டினார்கள். ஒரு கையில் பந்து இருந்ததால் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறு கையால் பழத்தை வாங்கினார். "சரிம்மா" என்றார். கோப்பையைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் டீ குடிக்க உள்ளே போன பிறகு, கைக்குட்டையை மறந்துவிட்டேன் என்று நான் திரும்பி வந்தேன். டாக்டரம்மா தனியாக மைதானத்தில் நின்று சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தார். பந்து ஆளில்லாத பக்கம் போய் வேலியில் மோதி நிற்கும். நடந்து போய் அதை எடுத்து, அங்கிருந்தே இந்தப் பக்கம் அடிப்பார். மறுபடி நடந்து வருவார். கிளப் மட்டைகள் என் கைக்கெட்டும் தூரத்தில் பெஞ்சின்மேல் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால் போதும். புடவை கசங்கும், உள்ளே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் தூணோரமே நின்றேன்.

மார்க்கர் வாசல் பலகையிலிருந்து தாளைக் கிழித்து என் கையில் திணித்தார். "இன்னா டீச்சரு நீ? காலீல இருந்து கோடு போட்டுக்கினு கீறேன். அந்தம்மா விடியும்போதே வந்து நெட்டு ஒயரத்த அளந்து பாத்துட்டுப் போச்சு. ஒரு பந்து ஆடக் கூடாதா?"

அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்தது. ரயிலடியில் ஊரே மாலையோடு நின்றது. அவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலைமையாசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது எனக்கும் நாற்காலி துடைத்துப் போடுகிறார்கள். பாங்க் வரிசையில் முன்னே விடுகிறார்கள். தம்பி பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் கேரம் ஆட வருவாள். போன வாரம் சிவப்புக் காய் குழிக்கு நேராக நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். அவள் தள்ளி அடித்தாள். "ஏண்டி?" என்றேன். "உனக்கு வுட்டுக்குடுத்தேன் அத்த" என்று சிரித்தாள். அன்பான பெண்.

அவள் போன பிறகு பெட்டியைத் திறந்து தாளை எடுத்துப் பிரித்தேன். கடைசிக் கோட்டின்மேல் டாக்டரம்மாவின் பெயர். அதற்குக் கீழே, ஸ்கோர் எழுத வேண்டிய இடத்தில், எதிராளி ஆடாமலே கிடைத்த வெற்றி, அதாவது வாக்ஓவர், என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்துகள். அவரிடம் நான் தோற்கக்கூட இல்லை.