ஓவர்லாக் ராணியின் லைன்

காலையில் நெட் சென்டரைத் திறந்து கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக ஆன் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. தேவகி. பனியன் கம்பெனியில் லூர்து அக்கா சூப்பர்வைசராக இருந்த தையல் லைனில் பிளாட்லாக் மிஷின் ஓட்டுகிற பெண். "விடியக்காலம் நெஞ்சு வலின்னு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோங்கண்ணா. திருப்பிக் கூட்டிட்டு வர முடியலைங்க" என்றாள். நான் போனை வைத்துவிட்டு, மீதியிருந்த கம்ப்யூட்டர்களையும் ஆன் செய்தேன். அதன் பிறகுதான் ஷட்டரை இறக்கவேண்டும் என்று தோன்றியது.

அடக்கத்துக்கு வேலம்பாளையத்தில் பாதிப் பேர் வந்திருந்தோம். பேசியவர்கள் எல்லோரும் நல்லதைத்தான் பேசினார்கள். கண்டிப்பான சூப்பர்வைசர் என்றார்கள், கோயில் காரியத்தில் முதல் ஆள் என்றார்கள், அவர் லைனில் தைத்த சரக்கு திரும்பி வந்ததே இல்லை என்று கம்பெனி முதலாளி சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் அவர் ஒரு சூப்பர்ஹீரோவாக இருந்தார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். திருப்பூருக்குப் பிழைக்க வந்து, ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் டெய்லராகச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசராக உயர்ந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களை ஒரு பார்வை பார்ப்பார், அவர்கள் மறுபடி கேட்கமாட்டார்கள். அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி, அந்தோணி. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நேராக என் சென்டருக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தம்பியோடு பேசுவார். என்னைவிட மூத்தவர்தான், இருந்தாலும் கடை வைத்திருக்கிற எவனும் அவருக்கு அண்ணாச்சி.

சாப்பிட்டாயா, குளிர் எப்படி, வேலை எப்படி என்று கேட்டு முடித்தால் அக்கா தம்பி இருவருக்குமே அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஒருநாள் அவன், சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஒரு விளையாட்டில்தான் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறான். அங்கே சனி ராத்திரி என்றால் நமக்கு ஞாயிறு காலை. அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார். "அவன் எங்கன இருக்கானோ அங்கன நானும் போறேன் அண்ணாச்சி. போற வழியைக் காட்டுங்க" என்றார்.

விளையாட்டு என்றால் தனியாக உட்கார்ந்து சுடுகிற விளையாட்டு இல்லை. இன்டர்நெட்டில் ஒரு பெரிய நகரம். உலகத்தின் பல மூலைகளில் இருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அதில் இருப்பார்கள். ஆளுக்கொரு சூப்பர்ஹீரோ. ஒருவன் பறப்பான், ஒருத்தி தீயை வீசுவாள். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழுவாகப் போனால்தான் பெரிய அரக்கர்களை அடிக்கமுடியும். உள்ளே நுழைவதற்கான கணக்குகளை அந்தோணியே எடுத்து அனுப்பினான். பிராட்பேண்ட் எங்கள் தெருவுக்கு வந்த புதிது அப்போது.

முதல் நாள் அக்கா நகரத்துக்குள்ளேயே போகவில்லை. ஹீரோவுக்கு உடை அமைக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இந்தக் காலரை வைத்தவன் எவன், இரண்டு துவைப்புக்குத் தாங்காது என்றார். கைக்குழியில் இழுக்கிறது, இதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி எப்படிக் கையைத் தூக்கி அடிப்பாள் என்று திரையைக் கேட்டார். தம்பியின் ஹீரோ நகரத்துக்குள் ஒரு மொட்டைமாடிக்கு மேலே பறந்தபடியே காத்துக் காத்துச் சலித்துப்போனான். கடைசியில் கருஞ்சிவப்பு உடையில், பெரிய தோள்களோடு ஒரு பெண் எழுந்து நின்றாள். பெயர் ஓவர்லாக் ராணி. முன்னால் நின்று எல்லா அடியையும் தாங்குகிற வகை ஹீரோ. வேறு எதையும் அவர் தேர்ந்தெடுப்பார் என்று நான் நினைக்கவும் இல்லை.

கொஞ்ச நாளில் அக்காவின் லைனில் இருந்து மயில்சாமியும் தேவகியும் வந்து சேர்ந்துகொண்டார்கள். சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னையும் பிடித்து இழுத்துவிட்டார். நாலு பேர் உடைக்கும் ஒரே நிறம் என்று முடிவானது. அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் நிறம் வைத்து முடித்ததும் அக்கா நாலு திரையையும் பார்த்துவிட்டு ஷேட் வித்தியாசம் இருக்கிறது என்று தலையில் கைவைத்தார். மானிட்டர்தான் அப்படிக் காட்டுகிறது என்றால் கேட்கவேண்டுமே. நாலு ஹீரோவையும் ஒரே மானிட்டரில் ஒருவர் பின் ஒருவராகத் திறந்து பார்த்து, ஒன்றுபோல இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் அனுமதி கொடுத்தார்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. அந்தோணி இருந்த குழுவில் சேர அக்கா ஆசைப்பட்டார். தம்பியின் பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காகத்தானே வந்ததே. குழுத் தலைவர் ஒரு அமெரிக்கர், நல்ல மனிதர், மரியாதையாகவே எழுதினார். உங்கள் இன்டர்நெட் லைன் மெதுவாக வருகிறது, நீங்கள் இருந்தால் திரை நின்று நின்று போகிறது, பெரிய சண்டையில் உங்களால் மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள், மன்னிக்கவும். பொய்யில்லை. அரக்கன் கையை ஓங்குவது எங்கள் திரையில் தெரியும்போது, அவன் அடித்து முடித்திருப்பான்.

அதில் அவருக்கு ஒரு வார்த்தைதான் கேட்டது. "ரிஜெக்ட்டுன்னு சொல்லுதாவ" என்றார். சரக்கை வேண்டாமென்று தள்ளுகிற அந்த வார்த்தையைத் திருப்பூரில் இருந்துகொண்டு சாதாரணமாக எடுத்துக்கொள்கிறவர் யாருமில்லை. நான் சமாதானம் சொல்லப் போனேன், ஏனுங்கக்கா, விளையாட்டுதானுங்களே என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கீபோர்டை இழுத்து, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் செக்கிங் ஆட்களோடு பேசிப் பழகிய ஆங்கிலத்தில் அவரே தட்டினார்: "ஒன் சாம்பிள் வில் சென்ட். பிளீஸ் அப்ரூவ்." ஆர்டருக்கு முன் ஒரு மாதிரிச் சட்டை அனுப்பி ஒப்புதல் கேட்கிற பேச்சு அது, அந்த அமெரிக்கருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அந்தோணி விளக்கியிருக்கவேண்டும். ஒரு சண்டைக்கு, நாலு இடம், ஒரே ஒரு தடவை என்று பதில் வந்தது.

அப்போது அக்கா செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. மற்றவர்கள் திரையைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறார்கள். நம் திரை பிந்தி வருகிறது, அதனால் நாம் பார்க்கவே வேண்டாம் என்றார். லைனில் உட்கார்ந்திருக்கிற டெய்லர் முழுச் சட்டையைப் பார்க்கிறானா? தன் கைக்கு வந்ததைத் தைத்து அடுத்தவருக்குத் தள்ளுகிறான். அதே மாதிரி ஆளுக்கு ஒரே ஒரு வேலை. டி-சர்ட்டில் தோள், கழுத்து, கை, கீழ்மடிப்பு என்று தைக்கிற வரிசையிலேயே பெயர் வைத்தார். "சோல்டர்" என்றால் நான் எல்லோரையும் சுற்றிப் பாதுகாப்பு வளையம் போடவேண்டும். "நெக்" என்றால் மயில்சாமி அரக்கனின் காலைப் பனியில் உறைய வைப்பான். "ஸ்லீவ்" என்றால் தேவகி தீயை வீசுவாள். "பாட்டம்" அவருடையது, ஓங்கி ஓர் அடி. வெளிநாட்டவர்கள் ஆளுக்கொரு வீட்டில் இருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில், ஒரே குரலுக்குக் கீழே. சோல்டர், நெக், ஸ்லீவ், பாட்டம் என்று அவர் சொல்லச் சொல்ல, திரை நின்றாலும் எங்கள் கை நிற்கவில்லை.

சண்டை வந்த ஞாயிறு காலை, அந்த நகரத்துத் துறைமுகத்தில் பெரிய அரக்கன் ஒருவன் கடலில் இருந்து எழுந்தான். நாங்கள் நாலு பேரும் அந்தப் பக்கத்து நாலு பேரும் சுற்றி நின்றோம். அக்காவின் பக்கத்தில் அந்தோணி. லைன் தறி மாதிரி ஓடியது. அரக்கனின் உயிர் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, அவசர ஷிப்மென்ட்டுக்காக அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்த பக்கத்து கம்பெனியில் டீ பெல் அடித்தது.

மயில்சாமி கையை எடுத்துவிட்டான். தேவகியும் எடுத்துவிட்டாள். சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்கள். பெல் அடித்தால் என் சென்டர் வாசலில் நிற்கிற டீ வண்டிக்குக் கூட்டம் வரும் என்று நானும் ஷட்டர் பக்கம் திரும்பிவிட்டேன். அக்கா ஒருவர் மட்டும் நெக், நெக் என்று கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி உட்கார்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அக்காவைக் காப்பாற்ற நடுவே வந்த அந்தோணியின் ஹீரோ முதலில் விழுந்தான், அப்புறம் மற்றவர்கள்.

"பெல் அடிச்சா கை தானா எந்திரிச்சுக்குதுங்க, நான் என்னங்க பண்றது" என்று மயில்சாமி அழாக்குறையாகச் சொன்னான். என்ன ஆயிற்று என்று அமெரிக்கர் கேட்டார். கரண்ட் போய்விட்டது என்று எழுதச் சொன்னேன் நான். அக்கா கேட்கவில்லை. டீ பெல் அடித்தது, எங்கள் கை எழுந்துவிட்டது, தப்பு சூப்பர்வைசருடையது, இன்னொரு சாம்பிள் அனுப்புகிறேன் என்று உள்ளதை உள்ளபடி தட்டினார். பிறகு அந்தப் பக்கம் நாலு பேரும் சிரிக்கிறார்கள் என்று அந்தோணி எழுதினான். அடுத்த வாரம் வாருங்கள் என்று தலைவர் எழுதினார்.

பெல் அடித்தாலும் அசையாதே என்று அந்த வாரம் முழுக்க மயில்சாமியைப் பழக்குவார் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் செய்யவில்லை. "பெல்லுக்கு எந்திரிக்கிற கையைப் பிடிச்சு வச்சா தையல் கோணிக்கிடும் அண்ணாச்சி. அதுங்க போய் டீ குடிச்சிட்டு வரட்டும்" என்றார். பெல் அடிக்கிற நேரத்தை அமெரிக்கருக்கு எழுதி அனுப்பினார். அந்த நேரத்தில் என் லைன் எழுந்து போகும், திரும்பி வரும்வரை நீங்கள் நாலு பேரும் நானும் தாங்கவேண்டும் என்று திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்.

அப்படியேதான் நடந்தது. பெல் அடித்தது, நாங்கள் மூவரும் வாசலுக்குப் போய் டீ வாங்கினோம். நான் குடிக்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அசையவில்லை. நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்ட மயில்சாமியிடம், பெல் அடித்தால் சூப்பர்வைசர் லைனைத்தான் பார்க்கவேண்டும், டீயைப் பார்க்கக்கூடாது என்றார். ஓவர்லாக் ராணி அந்த அரக்கனின் காலடியில் அடிமேல் அடி வாங்கிக்கொண்டு நின்றாள், தம்பி தலைக்குமேலே பறந்துகொண்டிருந்தான். நாங்கள் வந்து உட்கார்ந்ததும் "சோல்டர்" என்றார், முந்தின நிமிடம்வரை ஒன்றுமே நடக்காதது போல. கொஞ்ச நேரத்தில் அரக்கன் கடலுக்குள் சாய்ந்தான்.

தேவகி கையைத் தட்டினாள். நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தேன், கணக்கில் எழுதவில்லை. அப்போதுதான் தலைவரிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. குழுவில் நிரந்தரமாக ஓர் இடம் இருக்கிறது, ராணிக்கு. ராணிக்கு மட்டும்.

அவர் வந்ததே அதற்குத்தான். இனி ஒவ்வொரு வாரமும் தம்பியின் பக்கத்தில் நிற்கலாம். நானே சொன்னேன், போங்கக்கா, நாங்க பார்த்துக்கறோமுங்க என்று. தேவகியும் அதையேதான் சொன்னாள். அக்கா திரையைப் பார்த்தார். தம்பியின் ஹீரோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"லைனோட எடுத்தா வாரோம். தனிப் பீஸா நான் வரமாட்டேன்."

அதைத்தான் ஆங்கிலத்தில் தட்டினார். அனுப்பிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் மீன் வாங்கி வைத்திருக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு பதில் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவர் பூசை முடிந்து வருவார், தம்பியோடு ஹெட்போனில் சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று பேசுவார், போய்விடுவார். முகம் வாடியிருந்தது, எனக்குத் தெரியும். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று நான் ஆரம்பித்தபோது, அண்ணாச்சி உங்கள் கடையைப் பாருங்கள் என்றார். மூன்றாவது ஞாயிறு நாலு பேருக்கும் அழைப்பு வந்தது. அன்று முதல் போன வாரம் வரைக்கும் அந்தக் குழுவில் நாங்கள் நாலு பேர்.

அந்தோணி வந்து சேரும்வரை காத்திருந்து அடக்கம் செய்தோம். அவனை நேரில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கல்லறையில் குடும்பத்து ஆட்கள் நிற்கிற வரிசையில் என்னையும் மயில்சாமியையும் தேவகியையும் கையைப் பிடித்து நிறுத்தினான். ஊரில் இருந்து வந்திருந்த அவன் சித்தப்பா எங்களை மேலும் கீழும் பார்த்து, இவங்கள்லாம் யாருப்பா என்று கேட்டார்.

"அக்கா லைன் சித்தப்பா" என்றான்.

அவர் தலையாட்டிக்கொண்டு தள்ளி நின்று எங்களுக்கு இடம் விட்டார். நானும் ஒரு டெய்லர் என்று நினைத்திருப்பார். ஒரு பொத்தான் தைக்கக்கூடத் தெரியாதவன் நான். நினைக்கட்டும். லூர்து அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த இடம். ஒரே தம்பியின் பக்கத்தில் நிற்கிற வாய்ப்பு கைக்கு வந்தபோதுகூட, அவர் விட்டுப் போக மறுத்த லைனில் ஓர் இடம். என்னை யார் என்று கேட்டால் இனி அதைத்தான் முதலில் சொல்வேன்.